கைகள் மட்டும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் சலூனை அடைத்துவிட்டு உள்ளே அரசைச் சாடும் கவிதைகளை வாசிப்போம். யாரும் பெயர் கேட்கக் கூடாது. தாள் பிடித்த கைகளை மட்டும்தான் நான் படமெடுத்து இணையத்தில் போடுவேன். முகம் தெரிந்துபோன இரண்டு பேர் இன்னும் சிறையில் இருக்கிறார்கள்.

அன்று எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒரு பெரியவர் போகவில்லை. எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.

"நீதானே யுஸ்மேலி?" என்று நான் போட்ட வீடியோ ஓடிய போனை நீட்டினார். "கட்டைவிரல்ல தீத்தழும்பு இருக்கே, இது யார் கை?"

"எனக்கென்ன தெரியும்? கவிதை கேக்க வந்தா கேட்டுட்டுப் போங்க."

"பொய் சொல்லாதம்மா. நான் ரகசிய போலீஸ்ல இருக்கேன். உன் வீடியோவையெல்லாம் பாத்து ஆளைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை."

நான் என் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"இந்தக் கைக்கு மட்டும் ஆறு மாசமா 'அடையாளம் தெரியவில்லை'ன்னே எழுதுறேன்." அவர் திரையில் அந்தத் தழும்பைத் தடவினார். "ஏழு வயசுல அரேப்பா ரொட்டி சுடுற கல்லுல கைய வச்சுட்டா. நான்தான் மருந்து போட்டேன்."

பையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து என்னிடம் திணித்தார்.

"நாளையோட நான் ரிட்டயர். அப்புறம் என் நாற்காலியில வேற ஆளு. அவள இத மாட்டிக்கிட்டுப் படிக்கச் சொல்லு. அப்பா குடுத்தாருன்னு மட்டும் சொல்லிடாத."