எட்டாம் மாடியின் பேட்டி

பேட்டிக்கு வருவதற்குப் பாடகனின் அக்கா போனில் ஒரு நிபந்தனை போட்டாள். தம்பி பேசமாட்டானாம். எது கேட்டாலும் பாட்டாகத்தான் பதில் சொல்வானாம்.

வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாலு பாட்டு இணையத்தில் ஓடிவிட்டால் தலையில் கொம்பு முளைத்துவிடும் போல என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரம் எல்லார் வாயிலும் அவன் பெயர்தான்.

ஆறு மாதம் முன்புவரை அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடியில் லிஃப்ட் நின்றுபோய், ஐந்து பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். இவன் வெளியே நின்று கதவில் தாளம் தட்டி, பயப்படாதீர்கள் என்பதையே ராப்பாகப் பாடிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறான். உள்ளே இருந்த ஒருத்தி அதைப் பதிவு செய்து இணையத்தில் போட, ஒரே வாரத்தில் இருபது லட்சம் பேர் கேட்டார்கள். அப்புறம் அவனே வரிசையாகப் பாட்டுகள் போட்டான். ‘எட்டாம் மாடி’ என்பதே அவன் பெயராகிவிட்டது.

பேட்டி எடுக்கப்போகிறவரும் லேசுப்பட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் காலை நிகழ்ச்சி நடத்துகிறவர். மடமடவென்று பேசுவார், ஒரு சொல் இடறாது. நேயர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அருவி’. கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொன்ன ஒரு நடிகரை வாசலோடு திருப்பி அனுப்பியவர்.

இந்த நிபந்தனையைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. வரட்டும், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

காலையில் அக்காவும் தம்பியும் வந்தார்கள். எட்டாம் மாடி ஒல்லியாக, உயரமாக இருந்தான். தயாரிப்பாளர் வணக்கம் சொன்னதற்கு ஒரு சிரிப்பு. தண்ணீர் வேண்டுமா என்றதற்கு ஒரு தலையாட்டல். இதற்குக்கூட வாய் திறக்கமாட்டாரோ துரை என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. திடீர்ப் புகழ் எப்படி இருக்கிறது என்று கேட்டார் அருவி. அவன் மேசையில் விரலால் தட்டினான்.

“நேத்து வரைக்கும் கையில ஸ்பேனர்,
இன்னிக்குத் தெருவெல்லாம் என் பேர்ல பேனர்!
மேல போனது கீழ வரும் அண்ணே,
ரெண்டு பட்டனும் ஒரே சுவத்துல தானே!”

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கேள்விக்கும் பாட்டு. அதற்கடுத்ததற்கும் பாட்டு. ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தயாரிப்பாளரின் திரையில் நேயர்களின் திட்டு குவிந்தது. வாயைத் திறந்து பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

பிறகு ஒரு டீச்சரம்மா தொலைபேசியில் வந்தார்.

“தம்பி, பாட்டெல்லாம் அப்புறம். லிஃப்ட்டுக்குள்ள தவிச்சவங்ககிட்ட நாலு வார்த்தை ஆறுதலாப் பேசாம, எதுக்குப் பாடிக்கிட்டு நின்னீங்க? பாடாம, சும்மா சொல்லுங்க பார்ப்போம்.”

அவன் விரல் நின்றது. வாயைத் திறந்தான், மூடினான். சத்தம் வரவில்லை.

ஒரு விநாடி. இரண்டு. மூன்று. வானொலியில் மூன்று விநாடி மௌனம் என்றால் நிலையமே இழுத்து மூடப்பட்ட மாதிரி. தயாரிப்பாளர் பதறி எழுந்தாள்.

அப்போது அருவி மேசையில் பட்டென்று ஒரு தட்டு தட்டினார்.

“டீச்சரம்மா கேட்டுப்புட்டாங்க கேள்வி ஒண்ணு,
நானும் பாடிக் கேக்குறேன் பதில் சொல்லு கண்ணு!”

சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். இருபத்திரண்டு வருடத்தில் அப்படியொரு குரலை யாரும் கேட்டதில்லை. எட்டாம் மாடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தாளத்தைப் பிடித்துக்கொண்டான்.

“பேச்சுக்கு என்மேல கோபம் அம்மா,
பாட்டுக்குத்தான் ரொம்பப் பாசம் அம்மா!
பயந்தவங்க கூப்பிட்டாங்க அவசரமா,
பாசக்காரிதான் ஓடி வந்தா முதல்ல அம்மா!”

டீச்சரம்மா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அருவி ஒரு வரிகூடப் பேசவில்லை. கேள்வி, விளம்பர அறிவிப்பு, சாலை நெரிசல், வானிலை எல்லாமே பாட்டுதான். திட்டியவர்களே போன் போட்டுப் பாட ஆரம்பித்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் தயாரிப்பாளர் உள்ளே வந்தாள். எட்டாம் மாடி அருவியின் இரண்டு கைகளையும் பிடித்து அழுத்தினான். பிறகு வெளியே போனான். கதவு சாத்தும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை.

“இத்தனை வருஷ மரியாதையைக் காத்துல விட்டுட்டீங்களே சார். அவன் தலைக்கனத்துக்கு நீங்களும் சேர்ந்து ஆடணுமா?”

பின்னால் நின்ற அக்கா மெதுவாகச் சொன்னாள்: “தலைக்கனம் இல்லீங்க. தம்பிக்குச் சின்ன வயசுலேர்ந்து பேச்சு திக்கும். பாடினா மட்டும் திக்காது. வெளியே சொல்லக் கூச்சப்படறான்.”

அக்கா போன பிறகு தயாரிப்பாளர் தலைகுனிந்தபடியே கேட்டாள்.

“நானும் பார்த்துக்கிட்டேதான் சார் இருந்தேன். எனக்கு ஒண்ணும் புரியலை. உங்களுக்கு மட்டும் எப்படி உடனே தெரிஞ்சது?”

அருவி ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார்.

“எனக்குப் பன்னெண்டு வயசு ஆகிறவரைக்கும், என் பேர் என்னன்னு யார் கேட்டாலும் எங்க அக்காதாம்மா சொல்லும்.”