பச்சை குத்தாதவள்

பயிற்சி ஆட்டத்தில் முப்பிடாதி இவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவ்வளவுதான்.

மற்ற நாளாக இருந்தால் உதறிவிட்டு ஓடிப்போய் நடுக்கோட்டைத் தொட்டிருப்பாள். இன்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. 'கபடி கபடி' என்ற பாட்டு பாதியில் அறுந்தது. முழங்கால் மண்ணில் பட்டது.

பிடித்தவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். முழுக்கைச் சட்டைக்கு மேலேயே சூடு தெரிந்திருக்கிறது.

"என்னட்டி, இப்படிக் கொதிக்கு?"

வெயில் என்றாள் இவள். ஒன்றுமில்லை என்றாள்.

முப்பிடாதி அதைக் காதில் வாங்கவில்லை. சட்டைக் கையை மேலே தள்ளினாள்.

மணிக்கட்டில் ஒரு குட்டி நட்சத்திரம். அதன் மேல் சீழ் கட்டியிருந்தது. சுற்றிலும் தக்காளித் தோல் மாதிரிப் பளபளத்தது. அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்கையை நோக்கி ஏறியிருந்தது.

போன வாரம் மாவட்டப் போட்டியில் ஜெயித்துவிட்டு, எல்லோருமாகக் கோயில் கொடை விழாவுக்குப் போனார்கள். ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஸ்டூல் போட்டுப் பச்சை குத்திக்கொண்டிருந்தார். ஆடிய ஏழு பேருக்கும் ஒரே நட்சத்திரம். ஒரே ஊசி. நடுநடுவே ஒரு துணியால் துடைத்துக்கொண்டார்.

முப்பிடாதியும் பக்கத்தில்தான் நின்றாள். களத்தில் இறங்கினவங்களுக்கு மட்டும் என்று யாரோ சொன்னார்கள். அவள் பேசாமல் எல்லோருடைய பைகளையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

இப்போது இவள் அவளிடம் கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டி. அது மட்டும் முடியட்டும், அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன். மஞ்சள் வைத்திருக்கிறேன். மாத்திரை போட்டிருக்கிறேன். டீச்சரிடம் மட்டும் சொல்லிவிடாதே.

இவள் ஆடாவிட்டால் அந்த இடத்தில் யார் இறங்குவார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

முப்பிடாதி எழுந்தாள். முழங்கால் மண்ணைத் தட்டினாள். நேராக ஜெபா டீச்சரைப் பார்த்து நடந்தாள்.

அந்த முதுகைப் பார்த்து இவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். மைதானம் முழுக்கக் கேட்டது.

முப்பிடாதி திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையைத் தொடாமலே பெட்டில் சேர்க்கச் சொன்னார். ஞாயிறு வரைக்கும் விட்டிருந்தால் கிருமி ரத்தம் முழுக்கப் பரவியிருக்கலாம், அப்புறம் கையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றார். அம்மாவிடம்தான் சொன்னார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரே ஊசி என்றதும் மற்ற ஆறு பேரையும் வரவழைத்தார்கள். கெட்ட ஊசியில் மஞ்சள் காமாலைக் கிருமிகூட ஏறும் என்று ரத்தம் எடுத்தார்கள். இப்போதைக்கு யாருக்கும் எதுவும் இல்லை. சில மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

ஆறு வீட்டிலும் திட்டு விழுந்தது. அந்தக் கோபமெல்லாம் முப்பிடாதி மேல் திரும்பியது. இடத்துக்காகக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றார்கள்.

இவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

சேர்த்த அன்றைக்குச் சாயங்காலம் குளிர் வந்தது. கட்டில் கடகடக்கும்படி நடுக்கம். இருந்த போர்வையெல்லாம் போதவில்லை. அம்மா மேலே படுத்து அழுத்திக்கொண்டாள். நர்ஸ் ஓடிவந்து ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலில் இன்னொரு மருந்தைச் சேர்த்தார்.

நடுக்கம் அடங்கிய பிறகு இவளுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது.

இது வீட்டில் வந்திருந்தால், போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்திருப்பாள்.

அதன் பிறகு சிவப்புக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. இவள் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். விரல்கள் மடங்க ஆரம்பித்தன. மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோற்றார்கள். ஒரே ஒரு புள்ளி. கடைசி ரெய்டு போனது முப்பிடாதி.

மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வார்டுக்கு வந்துவிட்டாள். ஜெர்சிகூட மாற்றவில்லை. முழங்காலில் தோல் உரிந்திருந்தது. அம்மா ஸ்டூலை அவளுக்கு நகர்த்திப் போட்டாள். அவள் தலையை ஒரு தரம் தடவிவிட்டு, காபி வாங்கப் போனாள்.

முப்பிடாதி தோற்ற கதையைச் சொன்னாள். கோடு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்ததாம். நாலு பேர் மேலே விழுந்தார்களாம். நீ இருந்திருந்தால் தொட்டிருப்பாய் என்றாள். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்பதைச் சொல்லவில்லை. போனில் ஒருத்தி சொல்லி அது இவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

சொல்ல வேண்டியதை இவள் இரண்டு நாளாகச் சேர்த்துவைத்திருந்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். மைதானத்தில் சொன்ன வார்த்தையை முதலில் எடுத்தாள். அது தப்பு என்றாள். மிச்சத்தையும் சொன்னாள்.

"நீ போய்ச் சொல்லலன்னா, நான் இல்லட்டி."

திரும்பிப் பார்த்தாள்.

முப்பிடாதி மெத்தை விளிம்பில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எதுவரைக்கும் கேட்டாளோ.

வராந்தாவில் பேச்சும் சிரிப்புமாகச் செருப்புச் சத்தம். சாத்துக்குடிப் பையோடு ஆறு பேரும் வந்தார்கள். ஸ்டூலில் இருப்பது யார் என்று தெரிந்ததும் முகங்கள் இறுகின. ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

இவள் நல்ல கையை உயர்த்தினாள்.

"மெதுவா. அவ தூங்குதா."

வாசலிலேயே நின்றார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

ஜன்னல் வழியாக வந்த வெயில் முப்பிடாதியின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, வாயெடுத்தவளே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், ஜன்னலுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.