கடைசி ஆளின் மணி

மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்பார்கள். நான் மச்சானை வைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றிப் பிழைக்கிறேன். கோடை முழுக்க, ஊர் பார்க்க வருகிறவர்களை ஏரிக்கரைப் பாதையில் சைக்கிளில் கூட்டிப்போவது எங்கள் தொழில். முன்னால் நான், கடைசியில் அவன். வளைவு வந்தால் நான் ஒருமுறை மணியடிப்பேன். ‘வழி சரி, வாங்க’ என்று அர்த்தம். எல்லோரும் வளைவைத் தாண்டியதும் அவன் பின்னாலிருந்து இரண்டு முறை அடிப்பான்.

அன்று காலை எட்டுப் பேர், அதில் ஒருவர் டீச்சர். ஏழாவது வளைவில் இரட்டை மணி கேட்ட கையோடு போன் அடித்தது. மச்சான்.

“மாமா, செயின் அறுந்துபோச்சு. முதல் வளைவுக்கு முன்னாடியே நிக்கிறேன். அரை மணி நேரமா கூப்பிடுறேன், லைனே கிடைக்கல.”

ஏழு வளைவிலும் இரட்டை மணி கேட்டிருந்தது.

பிரேக்கைப் பிடித்தேன். எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். பின்னால் பாதை வெறிச்சென்று கிடந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கம்பிவேலி.

கடைசியாக வந்த டீச்சரிடம், “உங்க பின்னாடி யாரு வந்தாங்க?” என்று கேட்டேன்.

“உங்க ஆளுதான். மணி கேட்டா போய்க்கிட்டே இருங்க, யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காதீங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து சொன்னாரே.”

அப்போது, நாங்கள் இன்னும் போகாத எட்டாவது வளைவில் மணி ஒரே ஒருமுறை அடித்தது.

எட்டுப் பேரும் பெடலை மிதித்து என்னைத் தாண்டிப் போனார்கள். “நில்லுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.