ஐந்தாவது டைரக்டர்

மூக்காயி நீட்டிய ஆதார் அட்டையில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. காட்டு வேலையைப் போட்டுவிட்டு மலையிலிருந்து நேராக பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்த ஏஞ்சலின், அதைத் துடைத்து மேஜையில் வைத்தாள்.

கள்ளக்குறிச்சியில் அந்த ஆடிட்டர் ஆபீசுக்கு ஏஞ்சலின்தான் எல்லாம். ஆடிட்டர் டீ குடிக்கப் போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். கல்வராயன் மலை விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய சாமைக் கம்பெனிக்கு ஐந்து டைரக்டர்கள் இருந்தாக வேண்டும். மூக்காயியின் கணவர் கருப்பண்ணன் போன மாதம் ஜீப் கவிழ்ந்து இறந்ததில் நான்காகிவிட்டது. ஐந்தாவது ஆளைக் காட்ட இன்றே கடைசி நாள்.

அன்று அதே ஜீப்பில்தான் தானும் வந்ததாக மூக்காயி சொன்னபோது, இவராவது தப்பித்தாரே என்று ஏஞ்சலின் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள்.

“கம்பெனிய மூடிட்டா யாவாரி சொல்றதுதான் வெலை. அவுரு அலைஞ்சதெல்லாம் வீணாப் பூடும்,” என்றார் மூக்காயி. “டைரக்டராவ இன்னா இன்னா வேணும் பாப்பா?”

“பதினெட்டு வயசு ஆயிருக்கணும். புத்தி தெளிவா இருக்கணும். திவாலாகியிருக்கக் கூடாது, ஜெயிலுக்குப் போயிருக்கக் கூடாது.”

“அவ்ளோதானா? வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்களே?”

“அவ்ளோதாங்க்கா.”

மூக்காயியின் முகம் தெளிந்தது.

ரேகை மெஷின் அவர் விரலை ஏற்கவே இல்லை. மண்ணில் உழைத்துத் தேய்ந்த விரல்களுக்கு அது வழக்கம்தான். ஏஞ்சலின் ஓ.டி.பி.க்குத் தட்டினாள்.

“போனை எடுங்க, ஆறு நம்பர் வந்திருக்கும்.”

“போன் இல்லியே. ரெண்டு பேருக்கும் இருந்தது அது ஒண்ணுதான். எங்க ஊருல பொதைக்கிறப்ப, பொழங்குன சாமானையும் கூடவே வெச்சிடுவாங்க. போனையும் வெச்சிட்டாங்க.”

ஏஞ்சலினுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு போனுக்காக ஒரு கம்பெனியே போகிறதே! திரையில் இன்னும் ஒரு நிமிடம்தான் இருந்தது.

“இரு பாப்பா.” மூக்காயி கண்ணை மூடினார். “நாலு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு, சைபரு, ஒம்போது.”

ஏஞ்சலின் தட்டினாள். பச்சை டிக் விழுந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எப்படிக்கா? போன்தான் அண்ணன் குழியில இருக்குதே?”

மூக்காயி அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். துடைத்த அட்டையில் மறுபடியும் ஈர மண் இருந்தது.

“அவுரு குழியில இல்ல பாப்பா. என் குழியில.”