கறுப்பில் வந்த கல்யாணப் பத்திரிகை

ஜெராக்ஸ் கடையின் பழைய கம்ப்யூட்டரில் புது கலர் பிரிண்டரை மாட்டினார்கள்.

"யாரப்பா நீ? என் லிஸ்ட்டில் உன் பேரே இல்லையே," என்றது கம்ப்யூட்டர். பத்து தடவை வணக்கம் வைத்தும் அதே பதில்தான்.

மவுஸ் காதோடு சொன்னது: "தம்பி, இவர் பழைய ஆட்களைத்தான் சேர்த்துக்குவார். முன்னாடி இங்கே கறுப்பில் மட்டுமே அடிச்சுக்கிட்டிருந்த பிரிண்டர் பேரைச் சொல்லு."

பிரிண்டர் அப்படியே சொன்னது.

"அடடே, நீயா! வா, வா," என்று கம்ப்யூட்டர் உடனே ஒரு கல்யாணப் பத்திரிகையை அனுப்பியது. சிவப்பும் மஞ்சளுமாக வரவேண்டிய பிள்ளையார், கரி பூசிக்கொண்டு வந்தார்.

"இதென்ன, கருமாதிப் பத்திரிகையா?" என்று பதறினார் பெண்ணின் அப்பா.

"என் வயிற்றில் எல்லாக் கலரும் இருக்கு. சொல்லிடட்டுமா?" என்றது பிரிண்டர்.

"சொல்லேன். மறுபடியும் 'யாரப்பா நீ'ன்னு கேட்பார்," என்றது மவுஸ்.

பிரிண்டர் கொஞ்சம் யோசித்தது. அடுத்த பத்திரிகையையும் கறுப்பிலேயே அடித்தது.