அரக்கனுக்கு வைத்த மரு

பஞ்சாட்சரம் அரக்கனைக் கையில் எடுத்தபோதுதான், அந்த மருவையாவது வைக்காமல் விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மூக்கின் இடது பக்கம், குண்டூசி முனையில் பழுப்பு பெயின்ட்டைத் தொட்டு வைத்த மரு. அதே இடத்தில் அவருக்கும் ஒன்று உண்டு.

மரு மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். கட்டைவிரல் உயரமே இருக்கும் அந்த அரக்கன் பொம்மைக்கு மை பூசிய மீசை, காதிலிருந்து எட்டிப் பார்க்கும் முடி, வெற்றிலைச் சிவப்பில் கீழுதடு எல்லாம் வைத்திருந்தேன். பிரஷ்ஷில் மூன்றே மூன்று மயிரை விட்டு மீதியைக் கத்தரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டியது.

பத்து வருடமாகக் கடைகளுக்கு போர்டு எழுதுகிறேன். இவ்வளவு அக்கறையாக எந்தக் கடைக்கும் எழுதியதில்லை.

எல்லாம் ஒரு கோபம்தான்.

ஜமுனாமரத்தூரில் அவருடைய சாமை மில்லின் பின்னறையில்தான் எங்கள் பலகை விளையாட்டு கிளப் ஞாயிறுதோறும் கூடும். இடம் அவருடையது. அதனால் செயலாளரும் அவரே, சட்டமும் அவரே. போன மாதம் ஓர் ஆட்டத்தில் காயை வைத்து, விரலை எடுத்த அரை நொடியில் தப்பு தெரிந்து மறுபடி தொட்டேன்.

"வெச்சது வெச்சதுதான்" என்றார். தோற்றேன்.

அடுத்த வாரமே நர்ஸ் அருணா புது விளையாட்டு ஒன்றை வாங்கி வந்தாள். ஒரு பக்கம் பத்து வேடர்கள், இன்னொரு பக்கம் ஒரே ஓர் அரக்கன். அரக்கன் குகைக்குப் போய்ச் சேர்ந்தால் அவனுக்கு வெற்றி, நடுவிலேயே அடித்துவிட்டால் வேடர்களுக்கு. பொம்மைகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் வெறுமனே இருந்தன. வண்ணம் தீட்டும் வேலையை என்னிடம் கொடுத்தாள். குரங்கு கையில் பூமாலையாவது ஒரு நாளில் பிய்ந்துவிடும். நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.

இன்று அந்தப் பொம்மைகளுக்கு முதல் ஆட்டம். சாதாரண ஆட்டமும் இல்லை. வேலூரில் நடக்கும் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து இரண்டு பேர் போகலாம். அருணா எல்லோரையும் ஜெயித்து ஓர் இடத்தைப் பிடித்துவிட்டாள். மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்கு அவரும் நானும்.

இரண்டு வருடமாகச் சந்தவாசலிலிருந்து பஸ் ஏறி மலைக்கு வந்து தோற்றுவிட்டுப் போகிறவன் நான். ஒரே ஒரு முறை, கொஞ்சம் பெரிய ஊரில் போய்த் தோற்க வேண்டும் என்று ஆசை.

பஞ்சாட்சரம் அரக்கனை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அருணாவுக்கு டியூட்டி, மற்றவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அறையில் நாங்கள் இருவர் மட்டும். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒருவனை கிளப்பிலிருந்து நீக்க எத்தனை பேர் கை தூக்க வேண்டும் என்று யோசித்தேன். அவர் ஒருவர் தூக்கினால் போதும்.

"எங்கப்பாரு" என்றார்.

அவ்வளவுதான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. என் அப்பா போய் நான்கு வருடம். அவர் முகத்தை யாராவது தீட்டிக் கொடுத்திருந்தால் நானும் ஒரு துண்டைத் தேடியிருப்பேன். நானோ ஒரு மனிதனைக் கேலி செய்யப் போய், அவரைப் பெற்றவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது. அரக்கனைத் தன் பக்கம், குழந்தையை உட்கார வைப்பதுபோல மெதுவாக வைத்தார்.

"ஆடுப்பா" என்றார்.

ஆடினேன். வாழ்நாளில் அவ்வளவு நன்றாக ஆடியதில்லை. முக்கால் மணி நேரத்தில் அரக்கனைச் சுற்றி வளைத்துவிட்டேன். என் வேடர்களில் வில்லாளி அவனுக்கு ஒரு கட்டம் தள்ளி நின்றான். பகடைகூட உருட்ட வேண்டாம். அடித்தால் வேலூர்.

ஆனால் எங்கள் கிளப்பில் அடிபட்ட பொம்மையைச் சும்மா எடுத்து ஓரமாக வைத்துவிட முடியாது. அடித்தவரே தன் கையால் அதைக் குப்புறப் படுக்க வைத்து, "போய்ச் சேரு" என்று சொல்லிப் பெட்டிக்குள் போட வேண்டும். பஞ்சாட்சரம் போட்ட சட்டம்.

அவர் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அரக்கனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வில்லாளியை எடுத்தேன். ஒரு கட்டம் இடது பக்கம் தள்ளி வைத்தேன்.

விரலையும் எடுத்தேன்.

அடுத்த இரண்டு நகர்த்தலில் அரக்கன் குகைக்குள் போய்விட்டான்.

"இன்னாப்பா, இவ்ளோ கிட்ட வந்து கோட்ட வுட்டுட்ட" என்றார் பஞ்சாட்சரம், மிகவும் வருத்தமாக.

மில் வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். டியூட்டி முடிந்து அருணா ஸ்கூட்டியில் வந்து நின்றாள்.

"இன்னாண்ணா, வேலூரு வர்றியா?"

நடந்ததைச் சொன்னேன். "அவுங்கப்பா மூஞ்சிய எப்டிம்மா குப்புறப் போடறது? பாவம், அவரு போயி எத்தினி வருசமோ."

அருணா வண்டியை அணைத்தாள்.

"யாரு, அவுங்கப்பாவா? போன புதன்கிழம ஊசி எடுத்துக்கினு வூட்டுக்குப் போனேன். என்னப் பாத்துட்டு கொல்லப்பக்கமா எகிறி ஓட்னாரு. எம்பத்திரெண்டு வயசுண்ணா. ஈர்க்குச்சி மாதிரி இருப்பாரு, மீசையே கெடையாது."

யோசித்துப் பார்த்தேன். பஞ்சாட்சரம் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. மீதியை எல்லாம் நானே தீட்டிக்கொண்டது.

திரும்பினேன். மில்லின் ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கை நீண்டிருந்தது. அதன் விரல்களில் அரக்கன், இப்படியும் அப்படியும் ஆடி, எனக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தான்.