சமையல்காரியின் வாய்

மாலையில் மல்லாட்டைக் கடலை உரிக்கும் மனைவி அமிர்தத்துக்குத் தனசேகரன் ஒரு வெள்ளைக்காரன் காலத்து நாவலைப் படித்துக் காட்டுவார். துரையே ‘நான்’, ‘நான்’ என்று சொல்லிப்போகும் கதை. அமிர்தத்துக்கோ துரையின் சமையல்காரியைத்தான் பிடித்திருந்தது.

“உப்பு கம்மின்னா எழுந்து வந்து போட்டுக்கோங்க தொர” என்று அவள் சொல்லும் இடத்தில் அமிர்தம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இடஒதுக்கீட்டு மறியலில் சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டபோது, தனசேகரன் சில நாள் உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டார். கதை கேட்காமல் பொறுக்க முடியாமல் அமிர்தமே புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து படித்தாள்.

சமையல்காரி வந்தாள், பரிமாறினாள், போனாள். கடைசிவரை வாயே திறக்கவில்லை. அதைத் தன்மேல் வைத்த பக்தி என்று துரை எழுதியிருந்தான்.

கணவர் வந்ததும் கேட்டாள்: “அவ ஒரு வார்த்தகூட பேசலியே. நீங்க படிச்சதெல்லாம் யார் பேச்சுங்க?”

“தொர சொல்ற கதையில அவளுக்கு ஏது பேச்சு? அதான் நீ அடுப்பாண்ட நின்னுகினு என்னைச் சொல்றதையெல்லாம் அவ வாயில போட்டேன்.”

அமிர்தம் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மீதியப் படிங்க. அவ சொல்ல வேண்டியது இன்னும் நெறைய இருக்கு.”